காசு கேட்காத கடிதங்கள்

"இந்த உலகத்துலேயே, யார்கிட்டயும் சல்லிக்காசு கேட்காம ஒரு துறைக்கே நிதி திரட்டின ஒரே ஆள் நான்தான். கேட்டிருந்தா வந்திருக்காது, தெரியுமா?"

வேதியியல் பேராசிரியர் இதைச் சொல்லாத இடம் கிடையாது. வங்கி வரிசையில் சொல்லியிருக்கிறார். பல் மருத்துவர் வாய்க்குள் கண்ணாடியை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தபோது, திறந்த வாயை மூடாமலே சொல்லி முடித்திருக்கிறார். லிஃப்ட்டில் ஆரம்பித்து, கேட்டவரை அவர் இறங்க வேண்டிய மாடியைத் தாண்டி மூன்று மாடி கடத்திக்கொண்டு போயிருக்கிறார். ஒருவரும் நம்பியதில்லை.

நம்பாததற்குக் காரணம் இருந்தது. வேலையில் இருந்த முப்பத்தாறு வருஷமும் மாணவர்கள் அவரைப் 'பத்து மடங்கு' என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் சொல்வதைப் பத்தால் வகுத்தால் உண்மை கிடைக்கும் என்பது அந்தத் துறையில் புத்தகத்தில் இல்லாத பாடம். வகுப்பில் நூறு பேர் தூங்கினார்கள் என்றால் பத்துப் பேர் தூங்கியிருப்பார்கள். பட்டப்பெயர் அவருக்கும் தெரியும். அதில் அவருக்கு ஒரே ஒரு மனக்குறை: "பத்துதானா? இருபதாவது வச்சிருக்கலாம் பசங்க."

அவரைக் கொஞ்சம்கூட நம்பாதவர் அவருடைய மச்சான், அதாவது மனைவியின் தம்பி. அதே பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் பேராசிரியராக இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றவர். சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் வாங்கியவர். மழை பெய்கிறது என்று சொன்னால் ஜன்னல் வழியே கையை நீட்டிப் பார்ப்பார். பிறகு பக்கத்து ஜன்னலுக்குப் போய் இன்னொரு கையையும் நீட்டுவார். அக்காவும் அத்தானும் முப்பத்தெட்டு வருஷம் ஒன்றாகக் குடித்தனம் நடத்தியதைப் பற்றிக் கேட்டால்கூட, "ஒரு ஜோடியை வச்சு எந்த முடிவுக்கும் வர முடியாது" என்பார்.

விஷயம் ஒரு தொலைபேசி அழைப்பில் ஆரம்பித்தது. அழைத்தவர் வேதியியல் துறைத்தலைவி. ஒரு காலத்தில் பேராசிரியரின் மாணவி.

"சார், பழைய மாணவர்கள் எல்லாருக்கும் உங்களைத்தான் நல்லா ஞாபகம் இருக்கு. ஒரு உதவி வேணும்."

அவ்வளவுதான், பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. ஓய்வு பெற்ற ஏழு வருஷத்தில் அவரை அவசரமாகக் கூப்பிட்டது காஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் மட்டும்தான். பத்து மணிக்கு வரச் சொன்ன இடத்துக்கு எட்டே முக்காலுக்கே இஸ்திரி போட்ட சட்டையோடு போய்ப் பூட்டிய கதவுக்குக் காவல் நின்றார்.

துறைத்தலைவி அவரை இரண்டாம் மாடிக் கோடிக்கு அழைத்துப் போனாள். அங்கே ஒரு காலத்தில் தராசு அறை இருந்தது. இப்போது தராசுகள் இல்லை. இரண்டு மெத்தை நாற்காலிகள், ஒரு சின்ன விளக்கு, மேசைமேல் பாதி காலியான காகிதக் கைக்குட்டைப் பெட்டி.

"வாரத்துல மூணு நாள் மனநல ஆலோசகர் இங்க உக்கார்றாங்க சார். பதினாலு பேர் வர்றாங்க. அதுல மூணு பேர் படிப்பை விட்டுட்டுப் போறோம்னு சான்றிதழைத் திருப்பிக் கேட்டவங்க. போகல."

"நல்ல விஷயந்தானே?"

"பணம் தீர்ந்துபோச்சு. அடுத்த மாசம் இருபத்தெட்டாம் தேதிக்குள்ள ரெண்டு வருஷத்துக்கான பணத்தைக் காட்டலன்னா ஆலோசகரை நிறுத்திடுவாங்க. அதோட, சக்கர நாற்காலியில வர்ற பொண்ணு ஒருத்தி இருக்கா. நம்ம ஆய்வக மேசை எல்லாம் ஆறடி ஆளுக்குன்னு அடிச்சது சார். அவளுக்கு மேசை நெத்தியிலதான் இடிக்குது. தாழ்வா ஒரு மேசை போடணும். பார்வை குறைவான பையனுக்குப் பாடம் படிச்சுக் காட்ட ஆள் வேணும்."

"இந்த அறையை என்ன பண்ணுவாங்க?"

"புதுசா ஒளியை அளக்குற இயந்திரம் ஒண்ணு வாங்கப் போறாங்க. அதுக்குக் கொடுத்துடுவாங்க. அதுக்கு ஏசி வேணுமாம், சத்தம் கூடாதாம், யாரும் கதவைத் தட்டக் கூடாதாம். இல்லன்னா அது பாதிக்கப்படுமாம்."

பேராசிரியர் காகிதக் கைக்குட்டைப் பெட்டியைப் பார்த்தார். முப்பத்தாறு வருஷத்தில் இந்த அறைக்கு அவர் மாணவர்களை அனுப்பியது உப்பை எடை போட மட்டும்தான். ஆனால் அப்படியெல்லாம் யோசித்துக்கொண்டிருப்பது அவர் சுபாவமில்லை. "கவலைய விடும்மா. ஆறு வாரத்துல ஆறு அறைக்குப் பணம் கொண்டாந்து கொட்டுறேன்" என்று அளந்துவிட்டு வந்தார்.

திட்டம் தீட்டும் கூட்டம் பேராசிரியர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்தது. மச்சானை யாரும் கூப்பிடவில்லை. காபி வாசனைக்கு வந்தவர் உட்கார்ந்துவிட்டார்.

"எத்தனை பழைய மாணவர்கள் முகவரி இருக்கு?" என்றார் மச்சான்.

"அறுநூத்து இருபத்து நாலு சார்" என்றாள் துறைத்தலைவி.

"பாதிப் பேருக்கு மட்டும் நிதி கேட்டு எழுதுங்க."

"ஏன் சார்?"

"எல்லாருக்கும் எழுதி, பணமும் வந்தா, அது கடிதத்தாலதான் வந்துச்சுன்னு எப்படிச் சொல்லுவீங்க? மருந்தைச் சோதிக்கிறப்ப பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்குச் சர்க்கரை மாத்திரை கொடுக்குறது இல்லையா? அதே மாதிரி பாதிப் பேருக்குக் காசு கேட்குற கடிதம். மிச்சப் பேருக்கு அதே தாள், அதே உறை, சும்மா நலம் விசாரிச்சு ஒரு வரி. காசுன்னு ஒரு வார்த்தை இருக்கக் கூடாது."

"மாப்ள, பணம் வந்தா போதாதா?" என்றார் பேராசிரியர்.

"எதனால வந்துச்சுன்னு தெரியாத பணம் என்ன பணம் அத்தான்?"

துறைத்தலைவி வாயைத் திறந்தாள், மூடினாள். அவளும் விஞ்ஞானி. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு வேண்டாம் என்று ஒரு விஞ்ஞானி வாயால் சொல்வது, குளிக்க வேண்டாம் என்று சொல்வது மாதிரி. வெட்கமாக இருந்தது அவளுக்கு. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துப் பெருமையாகத் தலையாட்டினார்கள்.

சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பேராசிரியரின் மனைவி மட்டும் தலையாட்டவில்லை. "ஏங்க, வீட்டுல நெருப்புப் பிடிச்சா பாதிக்கு மட்டும் தண்ணி ஊத்திட்டு, மீதி எப்படி எரியுதுன்னு நின்னு பார்ப்பீங்களா?"

"அக்கா, உனக்கு இது புரியாது."

"புரியாததுதான்டா நல்லது."

முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு நிதி கேட்டு எழுதியது துறை ஆசிரியர்களின் குழு. நாலு பக்கம், மூன்று வரைபடம், அடிக்குறிப்பு பதினெட்டு. மீதி முந்நூற்றுப் பன்னிரண்டு சர்க்கரை மாத்திரைகளும் ஓர் அட்டைப் பெட்டியில் பேராசிரியர் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றிலும் அச்சடித்த ஒரே வரி: 'துறையின் சார்பில் தங்கள் நலம் அறிய விரும்புகிறோம்.' அவர் செய்ய வேண்டியது அடியில் கையெழுத்து போடுவது. கையெழுத்து மட்டும்.

பத்து மடங்கு என்று பேர் வாங்கிய மனிதரிடம் முக்கால் பக்கம் வெற்றுத்தாளைக் கொடுத்து, கையெழுத்து மட்டும் போடு என்றால் நடக்கிற காரியமா? முதல் மூன்று தாள்களில் பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்து மட்டும் போட்டார். நாலாவது தாளில் சும்மா எழுதிப் பார்ப்பது போல ஒரு வரி எழுதினார். ஐந்தாவதில் இரண்டு வரி. பத்தாவதைத் தாண்டியபோது பேனா அவர் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது.

'சோடியத்தைத் தண்ணீரில் போட்டு ஆய்வகக் கூரையைப் பறக்கவிட்டது நீதானே? கூரை இன்னும் இறங்கவில்லை. நலமா?' என்று ஒருவனுக்கு. 'ஒரே நாளில் நாற்பது குடுவையை உடைத்த வீராங்கனையே, இப்போது வீட்டில் பாத்திரங்கள் நலமா, நீ நலமா?' என்று ஒருத்திக்கு. 'கடைசி பெஞ்சில் உன் சிரிப்பைக் கேட்டுத்தான் நான் நகைச்சுவையாளன் என்றே எனக்குத் தெரிந்தது. அந்தச் சிரிப்பு நலமா?' என்று இன்னொருவனுக்கு. ஒன்பது நாள் எழுதினார். விரல் வீங்கி வாழைத்தண்டாகிவிட்டது என்று மனைவியிடம் காட்டினார். அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு தேடிப் பார்த்தாள்.

நூற்று எழுபத்து நாலாவது தாளில் பேனா நின்றது. முகவரியில் மச்சான் பெயர்.

மச்சான் முதலில் வேதியியல் மாணவர். அப்போது பேராசிரியர் வேலைக்குச் சேர்ந்த புதிது, கல்யாணமும் ஆகவில்லை. மூன்றாம் பருவத்தின் நடுவில் பையன் திடீரென்று வேதியியலை விட்டுப் புள்ளியியலுக்குப் போய்விட்டான். ஆய்வகத்தில் புகையைப் பார்த்து, செருப்பை விட்டுவிட்டு ஓடியவன் புள்ளியியல் துறையில் போய்த்தான் நின்றான் என்று பேராசிரியர் கதை கட்டினார். கல்யாணத்துக்குப் பிறகு சொந்தக்காரர்கள் கூடுகிற இடமெல்லாம் அதைச் சொன்னார். வருஷத்துக்கு வருஷம் புகை பெரிதானது. எல்லாரும் சிரிப்பார்கள். மச்சானும் சிரிப்பார். யாருக்கு எந்தக் கடிதம் என்று குலுக்கிப் போட்டுத்தான் பிரித்திருந்தார்கள். குலுக்கல் உறவு பார்ப்பதில்லையாதலால் அவர் பெயரும் சர்க்கரை மாத்திரைப் பெட்டியில் விழுந்திருந்தது.

பேராசிரியர் செருப்புக் கதையை எழுத ஆரம்பித்து, தாளைக் கிழித்தார். வேறு தாளில் எழுதி அதையும் கிழித்தார். மூன்றாவது தாளில் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து இவ்வளவுதான் எழுதினார்: 'நீ ஏன் போனாய் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அப்போது நலமாக இருந்தாயா?'

அவர் வாழ்நாளில் எழுதியவற்றில் பத்தால் வகுக்க முடியாத வரிகள் அவை மட்டும்தான். பயந்துபோய் உறையை உடனே ஒட்டினார்.

பதில்கள் வர ஆரம்பித்தன.

நிதி கேட்ட கடிதத்துக்கு முப்பத்தெட்டுப் பேர் பதில் போட்டார்கள். அதில் முப்பத்து நாலு பேர் கடிதத்தைத் திருத்தி அனுப்பியிருந்தார்கள். 'இரண்டாவது வரைபடத்தின் செங்குத்து அச்சில் அலகு இல்லை.' 'பதினாலு மாணவர்கள் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை.' 'அடிக்குறிப்பு ஏழு தவறு.' ஒருவர் சிவப்பு மையில் நூற்றுக்கு நாற்பத்திரண்டு மதிப்பெண் போட்டு, 'மறுபடி எழுதவும்' என்று குறித்திருந்தார். பணம் அனுப்பியது நாலு பேர். துறைத்தலைவி திருத்தங்களைப் படித்துவிட்டு, "நம்ம துறை நல்லாத்தான் சொல்லிக் கொடுத்திருக்கு" என்று மெல்லிய குரலில் சொன்னாள்.

சர்க்கரை மாத்திரை வாங்கியவர்களும் திருத்தத்தான் எழுதினார்கள். ஆனால் திருத்தியது வேறு. 'சார், கூரை பறக்கவில்லை. ஒரு ஜன்னல் கண்ணாடிதான். அதைக்கூட நான் அப்போது ஒத்துக்கொள்ளவில்லை. அபராதம் கட்டச் சொல்லிவிடுவீர்களோ என்று மூன்று நாள் தூங்கவில்லை. இதோ, கண்ணாடிக்கான பணம், நாற்பது கண்ணாடிக்குச் சேர்த்து.' குடுவை வீராங்கனை எழுதினாள்: 'நாற்பது இல்லை, நாலு. அந்த வாரம் அப்பா இறந்திருந்தார். கை நடுங்கியது. ஏன் நடுங்குகிறது என்று யாரும் கேட்கவில்லை. நலமா என்று இப்போதாவது கேட்டீர்களே. உங்கள் காபிச் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.' காபிக்கு வந்த பணத்தில் ஒரு காபித் தோட்டமே வாங்கியிருக்கலாம். பேராசிரியர் இதை மிகைப்படுத்தி நூறு தோட்டம் என்று மனைவியிடம் சொன்னார்.

கடைசி பெஞ்ச் சிரிப்புக்காரனின் பதிலை மட்டும் அவர் சத்தமாகப் படிக்கவில்லை. மனைவியிடம் நீட்டினார்.

'சார், சிரித்தது நான்தான். நான் படித்த பள்ளியில் பாடமொழி வேறு. உங்கள் வகுப்பில் பாதி எனக்குப் புரியாது. எல்லாரும் சிரிக்கும்போது அவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தால் அது வெளியே தெரியாது என்று சிரித்தேன். மூன்று வருஷம்.'

மனைவி படித்துவிட்டுத் தாளை மடித்தாள். "இந்தப் பையன் சிரிப்பைப் பத்தி எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க?"

"நூறு தடவை."

"குறைச்சுச் சொல்றீங்க."

அன்றைக்கு அவர் சாப்பிடும்போது ஒரு கதையும் சொல்லவில்லை. மூன்று வருஷம் ஒருவனை அழவைத்துவிட்டு அதற்குக் கைத்தட்டலும் வாங்கிக்கொண்ட உலகத்தின் முதல் நகைச்சுவையாளன் தானாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். அதில் மிகை எதுவும் இல்லை என்பதும் தெரிந்தது.

மச்சானிடமிருந்து மட்டும் பதில் வரவில்லை. வழக்கம்போல வந்தார், காபி குடித்தார், மழையைச் சோதித்தார், போனார். பேராசிரியரும் கேட்கவில்லை.

மூன்றாவது வாரம் மச்சான் மேசைமேல் கிடந்த பதில்களைப் புரட்டிப் பார்த்து எழுந்தே நின்றுவிட்டார்.

"அத்தான், எனக்கு வந்ததுலதான் கை மறந்து எழுதிட்டீங்கன்னு நினைச்சேன். எல்லாத்துலயுமா எழுதினீங்க?"

"ரெண்டே ரெண்டு வரிப்பா."

"முந்நூத்துப் பன்னண்டு பேருக்கும் வேற வேற ரெண்டு வரி! இது சர்க்கரை மாத்திரை அத்தான்! அதுல மருந்தைத் தடவி வச்சிருக்கீங்க! இப்ப எது வேலை செஞ்சதுன்னு எவனால சொல்ல முடியும்?"

"கெட்டுப்போச்சா?"

"நாசமாப் போச்சு. இனிமே ஒருத்தருக்கும் பதில் எழுதாதீங்க. அந்த அறையைப் பத்தி மூச்சு விடாதீங்க. இருக்குறதாவது மிஞ்சட்டும்."

அந்த அறை விஷயத்தில் மட்டும் பேராசிரியர் வாய்க்குப் பூட்டு போட்டுக்கொண்டார். அவர் பதில் எழுதாவிட்டாலும் காசோலைகள் நிற்கவில்லை. இருபத்தேழாம் தேதி கூட்டிப் பார்த்தபோது ஆலோசகரின் இரண்டு வருஷச் சம்பளத்துக்கும், தாழ்ந்த மேசைக்கும், படித்துக் காட்டுகிறவருக்கும் பணம் இருந்தது. பேராசிரியர் துறைத்தலைவியின் அறையில் ஒரு சுற்றுச் சுற்றி ஆடினார். ஆறு சுற்று என்று பிறகு சொல்லிக்கொண்டார்.

மறுநாள் காலை நிதி அலுவலரின் மேசைக்கு முன்னால் மூன்று நாற்காலி போட்டுப் பேராசிரியரும் துறைத்தலைவியும் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது மச்சானுக்கு. இன்னும் வரவில்லை.

நிதி அலுவலர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கோப்பைத் திறந்தார். "பணம் இருக்கு, சந்தோஷம். ஆனா எதுக்குன்னு கொடுத்திருக்காங்கன்னு பாருங்க. 'உடைந்த ஜன்னலுக்கு.' 'காபிச் செலவுக்கு.' பாதிக்கு மேல ஒண்ணுமே எழுதல. நீங்கதான் கேட்கவே இல்லையே சார்? காரணம் சொல்லாம வந்த பணம் பொதுக் கணக்குக்குப் போகணும்னு விதி."

"பொதுக் கணக்குல இருந்து?" என்று துறைத்தலைவி கேட்டாள். 

"வரிசையில முதல்ல நிக்கிறது அந்த இயந்திரம்தான்."

பேராசிரியர் மனசுக்குள் கணக்குப் போட்டார். நிதி கேட்டு எழுதியிருந்தால் திருத்தம்தான் வந்திருக்கும். கேட்காமல் எழுதியதால் பணம் வந்தது. கேட்காததாலேயே அது அந்தப் பதினாலு பேருக்குப் போய்ச் சேராது. இயந்திரத்துக்கு ஏசி அறை வாங்கிக் கொடுத்த வள்ளல் என்று அவர் பெயரைக் கல்லில் வெட்டி அதே கதவில் மாட்டப் போகிறார்கள். துறைத்தலைவி கைப்பையின் வாரை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

கதவு திறந்தது. மச்சான் உள்ளே வந்தார். கையில் ஒரு நோட்டு. குரல் கட்டிப்போயிருந்தது.

"நீங்கதானே சார் இந்தச் சோதனைய நடத்துனது?" என்றார் நிதி அலுவலர். "இந்தப் பணம் இன்ன காரணத்துக்குத்தான் வந்துச்சுன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க. இந்த வளாகத்துல நீங்க ஒண்ணை நம்பினா மத்தவங்க கேள்வி கேட்க மாட்டாங்க."

"சோதனைய வச்சு எழுத முடியாது. எங்க அத்தான் அதைக் குழப்பிட்டாரு."

பேராசிரியர் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆனா," என்றார் மச்சான், நாற்காலியில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்து, "போன நாலு நாளா இந்தப் பணம் அனுப்புனவங்களுக்கெல்லாம் போன் போட்டேன். இவர் சொல்ற மாதிரி இருக்காது, ஏதாவது கயிறு திரிச்சிருப்பாரு, பிடிச்சுடலாம்னுதான் போட்டேன். நூத்து முப்பது பேர். ஏன் அனுப்புனீங்கன்னு கேட்டேன். எல்லாரும் சொன்னது கிட்டத்தட்ட ஒண்ணுதான். நல்லா இருக்கியான்னு அங்க ஒருத்தர் அப்பவே கேட்டிருக்கணும்னாங்க. இப்ப அப்படிக் கேட்குறதுக்கு ஒரு அறை இருக்கு, அதுக்குக் கொடுக்கலாமான்னு கேட்டேன். நூத்து இருபத்தொம்பது பேர் சரின்னாங்க. தேதி, நேரம் எல்லாம் இதுல இருக்கு."

"மிச்சம் ஒருத்தர்?"

"ஜன்னல்தான் வேணும்னு பிடிவாதமா நிக்கிறாரு. வாங்கிப் போட்டுடுங்க."

நிதி அலுவலர் தன் பட்டியலை விரலால் எண்ணினார். "சார், இங்க நூத்து முப்பத்தொண்ணு இருக்கே? ஒரு காசோலையில பேர்கூடச் சரியா படிக்க முடியல."

மச்சான் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். பிரிக்காமல் முழங்காலில் வைத்து நீவினார்.

"அது நான்தான். மூணாவது பருவத்துல பதினோரு நாள் விடுதியில கதவைச் சாத்திட்டுப் படுத்திருந்தேன். யாரும் தட்டல. எழுந்து வந்தப்ப ஆய்வகத்துக்குள்ள கால் வைக்க முடியல, வேற துறைக்குப் போயிட்டேன். அவ்வளவுதான். புகையெல்லாம் ஒண்ணும் இல்ல." பேராசிரியர் பக்கம் திரும்பவில்லை. "போன மாசம் நல்லா இருந்தியான்னு கேட்டு ஒரு கடிதம் வந்துச்சு. அதுல காசு கேட்கல. காசோலை எழுதி முடிச்சப்புறம்தான் நான் எழுதுனதே எனக்குத் தெரிஞ்சுது."

"மாப்ள..." என்றார் பேராசிரியர். தன் நாற்காலியை மச்சான் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

நிதி அலுவலர் பேனாவை எடுத்து, மூடியைத் திறந்து, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப சார் லிஃப்ட்டுல என்னைப் பிடிச்சு வச்சுச் சொன்னது... யார்கிட்டயும் கேட்காமலே இவ்வளவு பணம் வந்துச்சுன்னு... நான் நம்பல. நிஜமாவே நடந்துச்சா?"

மச்சான் நோட்டை மேசையில் வைத்து அவர் பக்கம் தள்ளினார்.

"நடந்துச்சு. எழுதிக்குங்க."